மாட்டுக்கு கிளட்ச் கிடையாது: மாவு மில் பெல்ட்டில் இருந்து டபுள் கிளட்ச் வரை ஒரு வரலாறு

மாட்டுக்கு கிளட்ச் கிடையாது. ஏர் பூட்டி ஒரு குரல் கொடுத்தால், காலை ஊன்றி, கழுத்தை நுகத்தடியில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமா பலம் கொடுத்து இழுக்க ஆரம்பிக்கும். கொழு ஒரு வேரில் மாட்டினால் தானே நின்றுவிடும். திரும்ப "ம்" என்றால் திரும்ப இழுக்கும். நிற்பதும் கிளம்புவதும் அதுக்கு ஒரு விஷயமே இல்லை.

இன்ஜின் அப்படி இல்லைங்க. நின்ற இடத்தில் இருந்து இழுக்க அதுக்குத் தெரியாது. நிமிஷத்துக்கு அறுநூறு எழுநூறு சுற்றாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. ஓடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் படக்கென்று சேர்த்தால் மூன்றில் ஒன்று நடக்கும். இன்ஜின் ஆஃப் ஆகும், இல்லைன்னா வண்டி குதிக்கும், இல்லைன்னா ஏதாவது உடையும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, முதலில் வழுக்கவிட்டு, பிறகு மெதுவாகச் சேர்த்துவைக்கிற தரகர்தான் கிளட்ச்.

கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு கிளட்ச் என்றால் இடது காலுக்குக் கீழே இருக்கும் ஒரு பெடல், அவ்வளவுதான். இப்போது ஆட்டோமேட்டிக் வந்த பிறகு அதுவும் இல்லை. ஆனால் எங்களை மாதிரி டிராக்டரோடு இருக்கிறவர்களுக்கு, எந்த வகை கிளட்ச் என்பது சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அது ஏன் என்று சொல்வதற்கு ஒரு நூற்று முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

மாவு மில்லில் இருந்த கிளட்ச்

காருக்கு முன்னாலேயே கிளட்ச் இருந்தது. நீராவி இன்ஜின் காலத்துத் தொழிற்சாலைகளில் கூரைக்குக் கீழே ஒரு நீள ஷாஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் இருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். மெஷினில் இரண்டு புல்லி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று தண்டோடு இறுக்கியது. இன்னொன்று சும்மா சுற்றுவது, அதுதான் லூஸ் புல்லி. பெல்ட் லூஸ் புல்லியில் இருந்தால் மெஷின் நிற்கும். ஒரு கட்டையால் பெல்ட்டை மற்ற புல்லிக்குத் தள்ளினால், கொஞ்சம் வழுக்கி, பிறகு பிடித்து, மெஷின் ஓடும்.

ஆயில் இன்ஜின் வைத்த பழைய மாவு மில், ரைஸ் மில்லுக்கு சின்ன வயதில் தூக்குவாளியோடு போனவர்கள் இதை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். "பட் பட்" என்று பெல்ட் அடிக்கும் சத்தமும், மில்காரர் கட்டையால் அதைத் தள்ளுவதும் ஞாபகம் வருதா? நீங்கள் பார்த்தது ஒரு கிளட்ச்.

1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் இதே ஏற்பாடுதான். ஓட்டுநர் ஒரு லீவரைத் தள்ளினால் பெல்ட் லூஸ் புல்லியில் இருந்து ஓடும் புல்லிக்கு நகரும், வண்டி கிளம்பும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனது அந்த மாதிரி வண்டியில்தான். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் அதன் மேல் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். இந்தத் தோலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பெல்ட்டின் நல்ல குணம் வழுக்குவது. அதன் கெட்ட குணமும் அதேதான். மழையில் நனைந்தால் பிடிக்காது, நாளானால் நீண்டு தொய்யும். இன்ஜினின் குதிரைத்திறன் ஏற ஏற, பெல்ட்டால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

பல்லும் உரசலும்

பெல்ட்டை விட்டால் இரண்டு வழி இருந்தது. ஒன்று பல். இரண்டு தண்டுகளின் முனையிலும் பற்கள் வைத்து, ஒன்றை நகர்த்தி மற்றதோடு கோத்துவிடுவது. இதற்கு டாக் கிளட்ச் என்று பெயர். வழுக்கவே வழுக்காது. அதனாலேயே ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற வண்டியையும் இதால் சேர்க்க முடியாது, பல் உடைந்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இருக்கும்போதுதான் இது சரிப்படும். இன்றைக்கும் கியர்பாக்ஸுக்குள் கியர் விழுவது இந்த முறையில்தான்.

எங்கள் பக்கம் இதை வெளியிலேயே கையாளும் இடம் ஒன்று உண்டு: பவர் டில்லர். அதன் இரண்டு கைப்பிடிக்குக் கீழேயும் ஒவ்வொரு லீவர் இருக்கும். இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் போகும் டாக் கிளட்ச் விலகும், வலது சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடது பக்கம் திரும்பும். சமதரையில் எல்லாம் சரி. ஆனால் இறக்கத்தில் இது அப்படியே தலைகீழாகும். இறக்கத்தில் இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் கட்டு அவிழ்ந்த மாதிரி வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் திரும்பும். ஓடைக்கரையில் இறங்கும்போது இது தெரியாதவர்கள் டில்லரோடு சேர்ந்து ஓடைக்குள் போயிருக்கிறார்கள். அதனால் இறக்கத்தில் லீவரைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்பு என்பதுதான் டில்லர் பழக்குகிறவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

இரண்டாவது வழி உரசல். கார் உலகம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது கூம்பு வடிவம். இன்ஜினின் ஃப்ளைவீலில் புனல் மாதிரி ஒரு குழி. அதுக்குள் சரியாக உட்காரும் ஒரு கூம்பு, அதன் மேல் தோல் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் ஒன்று கூம்பை உள்ளே தள்ளும். பெடலை மிதித்தால் கூம்பு வெளியே வரும். வீட்டில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய எவர்சில்வர் டம்ளர் சிக்கிக்கொள்ளும் பாருங்கள், அதே தத்துவம். கொஞ்சம் தள்ளினாலே நல்லா இறுகும். அந்தக் காலத்தில் பலமான ஸ்பிரிங் போட்டால் மிதிக்க முடியாது, அதனால் இந்த ஆப்பு மாதிரி இறுகும் குணம் பெரிய வரம். 1890-களில் இருந்து 1920-கள் வரைக்கும் ஏகப்பட்ட கார்களில் இதுதான்.

கஷ்டமும் அதில்தான். டம்ளர் சிக்கினால் எடுக்க வராதது போல, தோல் காய்ந்தால் படக்கென்று பிடித்து வண்டி குதிக்கும். எண்ணெய் அதிகம் பட்டால் பிடிக்கவே பிடிக்காது. அதனால் கார் வைத்திருந்தவர்கள் தோலை மெருதுவாக வைத்திருக்க விளக்கெண்ணெய் தடவினார்கள்! செக்கில் ஆட்டுகிற அதே ஆமணக்கு எண்ணெய்தான். இன்னொரு குறை, கூம்பு கனமானது. பெடலை மிதித்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், அடுத்த கியர் போடும்போது கரகரவென்று பல் இடிக்கும்.

தோலுக்குப் பதிலாக வந்தது

இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்று ஒருவர். மலைப்பாதையில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை வைத்து அடித்திருப்பதைப் பார்த்து, இதற்கென்று ஒரு பொருள் செய்யலாமே என்று யோசித்தார் என்று சொல்வார்கள். 1897-இல் அவர் தொடங்கிய வேலைதான் பிறகு ஃபெரோடோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. முதலில் பருத்தித் துணியில் பிசின் ஏற்றிய பட்டைகள். அவை சூட்டில் கருகின. அப்போது வந்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். நெருப்புக்கு அசராது, தேயாது, நன்றாகப் பிடிக்கும். பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே மூச்சில் முன்னேறியது இதனால்தான்.

அதற்கான விலையை யாரோ கொடுத்தார்கள். கல்நார் தூசி நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளியே வரும். தொழிற்சாலையில் அதை நெய்தவர்களும், கிளட்ச் பிரித்து தூசி ஊதிய மெக்கானிக்குகளும் அதில் போனார்கள். இங்கிலாந்தே 1999-இல்தான் முழுசாகத் தடை போட்டது. பழைய டிராக்டரின் கிளட்ச்சைப் பிரிக்கும்போது, மெக்கானிக் பையன் ஏர் பைப்பை எடுத்து ஊதப் போனால் நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். அந்தப் பிளேட் எந்தக் காலத்துது, அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பல பிளேட், ஒரு பிளேட்

தோலை விட்டு வெளியே வர இன்னொரு வழியும் இருந்தது: உரசும் பரப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. இங்கிலாந்தின் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல பிளேட் கிளட்ச் ஒன்றை உருவாக்கினார். ஒரு பிளேட் இன்ஜினோடு, அடுத்தது கியர்பாக்ஸோடு, அதற்கடுத்தது திரும்ப இன்ஜினோடு என்று மாற்றி மாற்றி அடுக்கி, எண்ணெயில் மூழ்க வைப்பது. ஒவ்வொரு ஜோடியும் கொஞ்சம்தான் பிடிக்கும். மொத்தமாகச் சேர்ந்தால் பெரிய பிடி. எண்ணெய் இருப்பதால் மெதுவாகப் பிடிக்கும், சூடும் குறையும்.

1908-இல் வந்த ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரிலும், 1917-இல் வந்த அவருடைய ஃபோர்ட்சன் டிராக்டரிலும் எண்ணெயில் ஓடும் பல பிளேட் கிளட்ச்தான். இதற்கு ஒரு வியாதி உண்டு. குளிரில் எண்ணெய் இறுகிவிட்டால், பெடலை மிதித்தாலும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விடாது. நமது ஊர் வெயிலில் அந்தப் பிரச்சினை கிடையாது. நீங்கள் ஓட்டும் பைக்கில் இருப்பதும் இந்த வம்சம்தான். பைக்கில் பெரிய வட்டத் தட்டு வைக்க இடம் இல்லை, அதனால் சின்னச் சின்னத் தட்டாக அடுக்கி, இன்ஜின் ஆயிலிலேயே நனைய விட்டிருக்கிறார்கள். பைக்குக்கு கார் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். உரசலைக் குறைக்கிற மருந்து அதிகம் சேர்த்த ஆயில் பட்டால் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும்.

கல்நார் பட்டை வந்த பிறகு காருக்கும் டிராக்டருக்கும் இத்தனை தட்டு தேவைப்படவில்லை. 1920-களில் எண்ணெய் இல்லாத ஒற்றைப் பிளேட் கிளட்ச் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. இன்றைக்கு மெக்கானிக் கடையில் "கிளட்ச் பிளேட் போயிடுச்சு" என்று சொன்னால் அது இதுதான். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு. ஸ்பிரிங்குகள் அழுத்துவதால் சாண்ட்விச் மாதிரி இறுகி, மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னால் போய் ஃபிங்கர்களைத் தள்ளும், பிரஷர் பிளேட் ஒரு நூல் அளவு பின்வாங்கும், நடுத்தட்டு விடுதலை. அந்தத் தட்டு லேசானது, சீக்கிரம் நின்றுவிடும், கியர் சத்தம் இல்லாமல் விழும். பிறகு 1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பல சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் தட்டு மாதிரி ஒரே டயஃப்ரம் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தது. இன்றைய கார் கிளட்ச் காலுக்கு மெத்தென்று இருப்பது அதன் புண்ணியம்.

பெடலே வேண்டாம் என்றும் ஒரு கிளை உண்டு. 1980-இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கட்டைகள் வேகம் கூடக்கூட ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல விரிந்து, சுற்றியுள்ள டிரம்மில் உரசிப் பிடிக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் கிளம்பும், விட்டால் விடும். கிளட்ச் பழகத் தேவையில்லாததால்தான் எத்தனையோ பால்காரர்களும், கீரைக்கட்டு ஏற்றிப் போகும் பெண்களும் அதை எடுத்தவுடனே ஓட்டினார்கள். களை எடுக்கும் பிரஷ் கட்டரிலும் இதே கிளட்ச்தான்.

டிராக்டரின் தனிச் சிக்கல்

இப்போது நான் முதலில் சொன்ன உயிர் விஷயத்துக்கு வருவோம்.

காரில் இன்ஜினுக்கு ஒரே வேலை, சக்கரத்தைச் சுற்றுவது. டிராக்டரில் இரண்டு வேலை. பின்னால் பி.டி.ஓ. என்று ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அது பின்னால் மாட்டிய மெஷினைச் சுற்றும். ரொட்டவேட்டர், வைக்கோல் கட்டும் பேலர், புல் வெட்டும் கட்டர் எல்லாம் ஓடுவது இதனால். 1918-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது உலகப் பொது அளவாக நிலைத்தது.

ஆனால் கிளட்ச் ஒன்றுதான் இருந்தது. அதே கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் பலம் போனது. இதில் இரண்டு தொல்லை.

முதல் தொல்லை வேலை கெடுவது. பேலருக்குள் வைக்கோல் அளவுக்கு மேல் போய் அடைக்கப் பார்க்கிறது என்று வையுங்கள். வண்டி நிற்க வேண்டும், பேலர் மட்டும் ஓடி உள்ளே இருப்பதை முடிக்க வேண்டும். கிளட்ச்சை மிதித்தால் இரண்டுமே நிற்கும். அடைப்பு அப்படியே இருக்கும். பிறகு இறங்கிக் கையால் பிடுங்க வேண்டியதுதான். விவசாயிகளின் கை போனது பெரும்பாலும் இந்த மாதிரி அடைப்பை எடுக்கும்போதுதான்.

இரண்டாவது தொல்லை இன்னும் மோசம். புல் வெட்டும் கட்டரின் பிளேடு கனமானது, வேகமாகச் சுற்றுவது. கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் விலகிவிடும், ஆனால் பிளேடு உடனே நிற்காது. அது பி.டி.ஓ. தண்டைப் பின்னால் இருந்து சுற்றும், தண்டு கியர்பாக்ஸைச் சுற்றும், கியர்பாக்ஸ் சக்கரத்தைச் சுற்றும். அதாவது, இதுவரை டிராக்டர் மெஷினை ஓட்டியது, இப்போது மெஷின் டிராக்டரை ஓட்டுகிறது. கிளட்ச் முழுசாக மிதித்திருக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஒருத்தர் பழைய சிங்கிள் கிளட்ச் வண்டியில் தோப்பில் புல் வெட்டிவிட்டு வாய்க்கால் ஓரம் நிறுத்தப் பார்த்தபோது இதுதான் நடந்தது. முன் சக்கரம் வாய்க்காலில் இறங்கிய பிறகுதான் வண்டி நின்றது. அது வாய்க்காலாக இருந்ததால் ஆள் தப்பித்தார். கிணற்று மேடாக இருந்திருந்தால்?

இரண்டாவது தொல்லைக்கு மருந்து உங்கள் சைக்கிளிலேயே இருக்கிறது. பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் போகும், பெடல் கூடச் சுற்றாது, "டிக் டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஃப்ரீவீல் என்கிறோமே, அதுவும் ஒரு கிளட்ச்தான். ஒரு திசையில் பலத்தைக் கடத்தும், மறு திசையில் வழுக்கிவிடும். இதையே பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் டிராக்டர் மெஷினைச் சுற்றலாம், மெஷின் டிராக்டரைத் தள்ள முடியாது. இதன் பெயர் ஓவர்ரன் கிளட்ச். ஃபெர்குசன் நிறுவனம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த டி.இ. 20 வகை டிராக்டர்கள் சிங்கிள் கிளட்ச்தான். இன்றைக்கும் அவற்றை ஆசையாக வைத்து ஓட்டும் வெள்ளைக்காரர்கள், புல் கட்டர் மாட்டும் முன் இதை மாட்டாமல் இருக்க மாட்டார்கள்.

முதல் தொல்லைக்கு மருந்து வந்தது கனடாவில் இருந்து. 1946-இல் காக்‌ஷட் நிறுவனம் தன் 30 என்ற மாடலில் சக்கரத்துக்கு ஒரு கிளட்ச், பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் என்று பிரித்தது. பத்து வருஷம் கழித்து ஃபெர்குசன் 35 வந்தபோது, அதில் ஒரே பெடலில் இரண்டு கட்டமாக வேலை செய்யும் கிளட்ச் கிடைத்தது. நாம் டூயல் கிளட்ச், டபுள் கிளட்ச் என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். ஒரே கூட்டுக்குள் இரண்டு பிளேட். பாதி மிதித்தால் சக்கரத்துக்கான பிளேட் மட்டும் விடும். வண்டி நிற்கும், பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால் அதுவும் விடும். இரண்டுக்கும் பாதை தனி என்பதால் மெஷின் சக்கரத்தைத் தள்ளும் பேச்சே இல்லை. 1960-இல் சென்னையில் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு டாஃபே தொடங்கியபோது அந்த 35-இன் வம்சம் நம்மூர் வயலுக்கும் இறங்கியது.

கார் விளம்பரத்தில் வரும் டூயல் கிளட்ச் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படை கியருக்கு ஒன்று என்று இரண்டு கிளட்ச் வைத்து, அடுத்த கியரைத் தயாராகப் போட்டு வைத்து மாற்றுவது. பிரான்ஸின் அடால்ஃப் கெக்ரெஸ் 1930-களின் கடைசியிலேயே யோசித்தது, 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில்தான் பெருமளவு விற்பனைக்கு வந்தது. அது சுகத்துக்கு. டிராக்டரில் இருப்பது கை கால் பத்திரமாக இருக்க.

நிலம் வாங்கும் நண்பர்களுக்கு

ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, பழைய டிராக்டர் ஒன்று பார்க்கிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வண்டிக்காரர் பெயின்ட்டையும் டயரையும் காட்டுவார். நீங்கள் கிளட்ச்சைப் பாருங்கள்.

பி.டி.ஓ.வை ஓடவிட்டு, பெடலைப் பாதி மிதிக்கச் சொல்லுங்கள். பின்னால் தண்டு தொடர்ந்து சுற்றினால் டபுள் கிளட்ச், அது சரியாகவும் இருக்கிறது. நின்றால் சிங்கிள் கிளட்ச், அல்லது டபுள் கிளட்ச்சில் அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கிறது. சிங்கிள் கிளட்ச் வண்டி ஒன்றும் பாவம் செய்யவில்லை. கலப்பைக்கும் டிப்பருக்கும் அது தாராளம், விலையும் குறைவு. ஆனால் அதில் புல் கட்டரோ பேலரோ மாட்டுவதாக இருந்தால், ஓவர்ரன் கிளட்ச் இல்லாமல் மாட்டாதீர்கள். அதற்கு ஆகும் செலவு, வண்டியின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஓட்டும்போது பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக்கூடாது. ரிலீஸ் பேரிங் வீணாகச் சுற்றித் தேயும், பிளேட் அரைகுறையாக வழுக்கிக் கருகும். பிளேட் மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடவு நேரத்தில் வண்டி இரண்டு துண்டாக ஷெட்டில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, துண்டோ, துப்பட்டாவோ அந்தத் தண்டில் பட்டால், ஐயோ என்று சொல்வதற்குள் பத்துப் பதினைந்து சுற்று முடிந்திருக்கும். அந்த நேரத்தில் எந்த கிளட்ச்சும் காப்பாற்றாது. தண்டின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கணும், கிட்டப் போகும் முன் பி.டி.ஓ. லீவரை எடுத்துவிட்டு இன்ஜினையும் ஆஃப் செய்யணும். லீவ் நாளில் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டி வருகிறவர்கள், டிராக்டர் ஓடும்போது அவர்களைப் பின்பக்கம் நிற்க விடாதீர்கள்.